பிள்ளைப்பேறும் பேதலித்த மனமும்

நம் பெரியம்மாவைப் பற்றி வீட்டில் எவரும் விரித்துப் பேசியதில்லை. "அவளுக்குப் பிரசவத்துல ஜன்னி கண்டுடுச்சு" என்னும் ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு அடங்கிவிடும். 1974-இல் அவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. நான்காம் நாளிலிருந்து உறக்கம் போயிற்று. ஒன்பதாம் நாள், தொட்டிலில் கிடப்பது தம் பிள்ளையன்று, எவரோ மாற்றி வைத்துவிட்டனர் என்று கூறத் தொடங்கினார். பிள்ளையை அவர் கையில் கொடுக்க அஞ்சினர். பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினர், வேப்பிலை அடித்தனர், ஒரு கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தனர். பச்சை உடம்புக்காரி என்று யாரும் இரங்கியதாகத் தெரியவில்லை. ஐந்தாறு திங்களில் அவர் தெளிந்துவிட்டார்.

தெளிந்த பிறகு நடந்ததுதான் நம்மை இன்றளவும் உறுத்துவது. நெல்லும் பருப்பும் எண்ணெயும் இருந்த உக்கிராண அறையின் சாவிக்கொத்து அதற்கு முன்னர் அவர் இடுப்பில் இருந்தது. பின்கட்டில் இருந்த காலத்தில் அது அவருடைய ஓரகத்தியின் கைக்குப் போயிற்று, திரும்பி வரவேயில்லை. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு மணம் முடித்தார். பேரன் பேத்திகளைக் கண்டார். ஆயினும் ஒரு படி அரிசி வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்கினார்.

முதுகலை வகுப்பிற்கு ஒப்பிலக்கியத் தாள் நடத்துவதற்காகப் பழைய ஆங்கில நூல் ஒன்றைப் படிக்க நேர்ந்தபோது இந்தச் சாவிக்கொத்து மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்நூலைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். பிள்ளைப்பேற்றை ஒட்டிப் பெண்களுக்கு நேரும் மனநோயின் வரலாற்றை, இலக்கியம் படித்தவர் என்ற அளவில் நமக்குப் புலப்பட்டவாறு சொல்ல முயல்வதே இக்கட்டுரை. மருத்துவம் நம் துறையன்று.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பேற்றுக்குப் பின் வரும் மனத்துன்பங்கள் அனைத்தும் ஒன்றல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமின்றி அழுகை பொங்குவது தாய்மாருள் பெரும்பாலோர்க்கு நேர்வது. சில நாள்களில் தானே அடங்கிவிடும். அடங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது மனச்சோர்வு. இது பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருகிறது. மூன்றாவதாக, ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் காணப்படும் மனப்பிறழ்வு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தோன்றும். உறக்கம் அறுந்துபோவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து விளையக் கூடியது இதுவே. வியப்பு என்னவெனில், இவ்வளவு கொடிய இந்நோய் முறையான மருத்துவத்தால் நன்கு குணமாகக் கூடியது என்பதும், அடுத்த பேற்றில் திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி என்பதும்தாம். இரண்டையும் நம் பெரியம்மாவின் வீட்டார் அறிந்திருக்கவில்லை.

'ஜன்னி' என்ற சொல் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. காய்ச்சலில் பிதற்றுவதும் ஜன்னி. காய்ச்சலே இல்லாமல் மனம் பேதலிப்பதும் ஜன்னி. இக்குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நோயாளர் குறிப்புகளில், சிசிகஸ் நகரில் இரட்டைப் பெண்குழந்தைகளை வருந்தி ஈன்ற ஒருத்தி வருகிறாள். முதல் நாளே காய்ச்சல், தொடக்கத்திலிருந்தே உறக்கமில்லை, பேச்சற்றும் முரண்டியும் இருக்கிறாள், பின்னர் அறிவு தடுமாறுகிறது, இடையில் தெளிகிறது, மீண்டும் தடுமாறுகிறது. பதினேழாம் நாள் இறந்துபோகிறாள். இன்றைய மருத்துவர் இதைக் கருப்பையில் ஏற்பட்ட நச்சுத்தொற்று என்பார். ஆனால் இந்த நோய்க்கு மருத்துவ நூல்களில் வரலாறு எழுதுவோர் பலரும் இவளிடமிருந்துதான் தொடங்குகின்றனர்.

அதே மருத்துவ மரபில் மற்றொரு கருத்தும் உண்டு. முலைகளில் குருதி திரண்டால் அது பித்தின் அடையாளம் என்பது. இதிலிருந்து வளர்ந்த ஒரு கொள்கை ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் வாழ்ந்தது: சுரக்க வேண்டிய பால் வழிதவறி மூளைக்கு ஏறிவிடுகிறது, அதனால் அறிவு கலங்குகிறது. எளிதில் சிரித்துவிடலாம். ஆனால் இங்கிலாந்தில் 1938-இல் இயற்றப்பெற்று இன்றளவும் நடைமுறையில் உள்ள சிசுக்கொலைச் சட்டத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்திற்கு உட்பட்ட தன் மகவைக் கொன்ற தாயின் மனச்சமநிலை, பேற்றின் விளைவிலிருந்து முழுதும் மீளாமையாலோ பால் சுரப்பின் விளைவாலோ குலைந்திருந்ததாயின், அதைக் கொலையெனக் கொள்ளாமல் அதனினும் குறைந்த குற்றமாகக் கருத அச்சட்டம் இடந்தருகிறது. மருத்துவம் கைவிட்ட பாலைச் சட்டம் விடவில்லை.

நம் பழம்பாடல்களில் இந்நோயைத் தேடியவர்கள் ஏமாறுவர். ஈன்ற வீட்டின் காட்சி உண்டு. நற்றிணையின் நாற்பதாம் பாடலில், மகவு செவிலியோடு மெல்லணையில் துயில்கிறது. வெண்கடுகு அப்பி நெய்யாடிய தாய் இரு இமையும் பொருந்த உறங்குகிறாள். பரத்தையிடமிருந்து தலைவன் நள்ளிரவில் கள்வனைப் போல் வந்து நுழைகிறான். வகுப்பில் நாம் இதனை எப்போதும் தலைவனின் ஒழுக்கம் பற்றிய பாடலாகவே நடத்தி வந்தோம். இப்போது படிக்கும்போது, அந்தத் தாய் உறங்கினாள் என்பதில்தான் கண் நிற்கிறது. உறக்கம் வராத தாயைப் பாட அங்கே துறை இல்லை.

முன்னர்ச் சொன்ன ஆங்கில நூலுக்கு வருவோம். மார்ஜரி கெம்ப் என்பவள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் லின் என்னும் துறைமுக நகரில் ஏறத்தாழ 1373-இல் பிறந்தவள். தந்தை ஜான் பிரன்ஹாம் அந்நகரின் மேயராக ஐந்து முறை இருந்தவர். இருபது வயதளவில் ஜான் கெம்ப் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். முதுமையில், 1430-களில், தன் வாழ்வைப் பிறரிடம் சொல்லி எழுதுவித்தாள். முதலில் எழுதியவரின் கையெழுத்து எவருக்கும் விளங்கவில்லை. பின்னர் ஒரு பாதிரியார் 1436-இல் அதைப் படியெடுக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுந்த முதல் தன்வரலாறு என இதனைப் பலர் சொல்வர். 'நான்' என்று அவள் எங்கும் சொல்வதில்லை. தன்னை 'இந்தப் படைப்பு' என்றே, இறைவனால் படைக்கப்பட்ட ஓர் உயிர் என்னும் பொருளில், படர்க்கையில் குறிக்கிறாள். நூல் நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 1934-இல் டெர்பிஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தின் வீட்டு அலமாரியில் கையெழுத்துப்படி அகப்பட்டது; மேசைப்பந்து தேடப் போனபோது கிடைத்ததாக ஒரு கதையும் உண்டு. உ.வே.சா. ஏடு தேடிய வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு இத்தகைய செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி.

நூல் தொடங்குவதே நோயில்தான். மணமான சிறிது காலத்தில் கருவுற்றாள், கருக்காலம் முழுதும் துன்பம், வருந்திப் பெற்றாள். பிழைக்க மாட்டோம் என அஞ்சிப் பாதிரியாரை அழைத்துத் தன் நெஞ்சில் நெடுநாள் மறைத்து வைத்திருந்த ஒரு பாவத்தைச் சொல்ல விழைந்தாள். சொல்லி முடிக்குமுன்னரே அவர் கடிந்துகொண்டார். அவள் வாயடைத்துப் போனாள். ஒரு பக்கம் அவருடைய கடுமொழி, மறுபக்கம் நரகம் பற்றிய அச்சம். இரண்டுக்கும் இடையில் அறிவு கலங்கிற்று. அரை ஆண்டும் எட்டு வாரமும் சில நாள்களும் என்று கால அளவைக் கணக்காகச் சொல்கிறாள். எவ்வளவு முடங்கிக் கிடந்தாலும் நாள்களை எவரோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கின்றனர். வாயில் தீப்பிழம்பு கக்கும் பேய்களைக் கண்டாள். கணவனையும் உற்றாரையும் தன்னையும் தூற்றினாள். தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள்; அந்த வடு வாழ்நாள் முழுதும் தெரிந்தது. நெஞ்சின் மேல் தோலை நகங்களால் கிழித்துக்கொண்டாள். இரவும் பகலும் கட்டி வைத்தனர்.

பின்னர் ஒரு நாள், காவலிருந்தோர் அகன்ற நேரத்தில், ஊதாப் பட்டாடை போர்த்த இயேசு தன் படுக்கையின் ஓரத்தில் அமர்ந்து, தாம் கைவிடாத தன்னை நீ ஏன் கைவிட்டாய் என்னும் கருத்துப்படக் கேட்டதாகச் சொல்கிறாள். அக்கணமே தெளிவு பெற்றாள். பக்தர்கள் இதைப் பக்தியாகப் படிக்கட்டும். மருத்துவர் வேறாகப் படிக்கட்டும். நமக்கு முக்கியமானது அடுத்து வருவது. கணவன் உள்ளே வந்ததும் அவள் கேட்டது சாவி. உக்கிராண அறையின் சாவியைக் கொடுங்கள், முன்போல் உணவும் பானமும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பணிப்பெண்களும் காவலிருந்தோரும் தடுத்தனர். கொடுக்காதீர்கள், என்ன பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாது, இருப்பதையெல்லாம் வாரி இறைத்துவிடுவாள் என்றனர். ஜான் கெம்ப் அவள்மீது இரக்கமும் கனிவும் கொண்டவனாதலால் சாவியைக் கொடுக்கச் சொன்னான். அவள் எடுத்து உண்டாள். உற்றாரை அடையாளம் கண்டுகொண்டாள்.

அறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒருத்திக்கு இன்றைய நோய்ப்பெயர் சூட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. அவளுடைய பிற்கால அழுகைகளையும் காட்சிகளையும் வைத்து ஆய்வாளர்கள் ஆளுக்கொரு நோயைச் சொல்லிவிட்டனர். சாவிச் செய்தியை மட்டும் நாம் பற்றிக்கொள்கிறோம். இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி நலமடைந்தாள் என்பதற்கு அந்த வீட்டார் கண்ட சான்று, அவள் மீண்டும் வீட்டுக்காரியானது.

அந்நூலில் எழுபத்தைந்தாம் இயலும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மார்ஜரி இப்போது முதியவள். 14 பிள்ளைகளைப் பெற்றவள். ஊரார் பாதிப்பேர் போற்ற, பாதிப்பேர் ஏசத் திரிபவள். லின் நகரின் புனித மார்கரெட் தேவாலயத்தில் ஒருவன் மண்டியிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டிருப்பதைக் காண்கிறாள். என்னவென்று கேட்க, மனைவிக்கு அண்மையில் பிள்ளை பிறந்தது, அறிவு கலங்கிவிட்டது, என்னையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, அலறுகிறாள், அடிக்கிறாள், கடிக்கிறாள், கையில் விலங்கு பூட்டியிருக்கிறோம் என்கிறான். மார்ஜரி அவனோடு வீட்டுக்குப் போகிறாள். அந்தப் பெண் இவளிடம் மட்டும் அமைதியாகப் பேசுகிறாள். உன்னைச் சுற்றித் தேவதூதர்கள் நிற்கிறார்கள், என்னை விட்டுப் போகாதே என்கிறாள். மற்றவர் வந்தாலோ பேய்களைக் கண்டு கூக்குரலிடுகிறாள். அலறல் அக்கம்பக்கத்தார்க்குக் கேட்கக் கூடாதென்று ஊரின் கடைக்கோடியில் ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கையிலும் காலிலும் இரும்புச் சங்கிலி பூட்டினர். மார்ஜரி நாள்தோறும் ஒருமுறையேனும் இருமுறையேனும் அங்கே போய்வந்தாள். நாளடைவில் அவள் தெளிந்தாள். பிள்ளை பெற்ற பிற பெண்களைப் போலவே அவளையும் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்று தீட்டுக் கழிக்கும் சடங்கைச் செய்தனர்.

மார்ஜரி தன் பழைய நோயை இவ்வியலில் நினைவுகூரவேயில்லை. சொல்லாமல் விட்டாள் என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

இதன்பின் வரும் நானூறு ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1820-இல் லண்டன் மருத்துவர் ராபர்ட் கூச், ஈன்ற பெண்களின் பித்தைப் பற்றித் தனி ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். பாரிசின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய எஸ்கிரோல், 1811 முதல் 1814 வரை அங்கே சேர்க்கப்பட்ட 1,119 பெண்களுள் 92 பேர் பேற்றுக்குப் பின்னரோ பாலூட்டும் காலத்திலோ நோயுற்றவர் எனக் கணக்கெடுத்தார். வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவர் இதனினும் மிகுதி என்பதும் அவர் கருத்து. 1858-இல் லூயி விக்தர் மார்சே என்னும் முப்பது வயது மருத்துவர், 310 பெண்களின் நோய்வரலாறுகளைத் திரட்டி, கருக்காலம், பேற்றுக்குப் பின், பாலூட்டுங்காலம் என மூன்றாகப் பகுத்து ஒரு பெருநூல் எழுதினார். ஆறே ஆண்டில் அவர் இறந்துபோனார். இடையே 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர்கள் கைகழுவினாலே பிரசவக் காய்ச்சல் குறையும் எனக் காட்டியிருந்தார். காய்ச்சலின் பிதற்றலும் மனத்தின் பிறழ்வும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு மெல்ல மெல்லவே கனிந்தது.

எண்களுக்குப் பின்னாலிருந்த ஒருத்தியை மட்டும் நின்று பார்ப்போம். நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே 1811-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1836-இல் இசபெல்லா ஷா என்னும் பெண்ணை மணந்தார். 1837-இல் ஆன் பிறந்தாள். 1838-இல் பிறந்த ஜேன் எட்டு மாதத்தில் இறந்துபோனாள். 1840 மே மாதம் ஹாரியட் பிறந்தாள். அதன்பின் இசபெல்லா ஒடுங்கிப்போனாள். எதிலும் நாட்டமில்லை, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம். தாக்கரே அப்போது பணமுடையில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். ஆகஸ்டில் ஒரு பயண நூலுக்காக அவளை விட்டுவிட்டுப் பெல்ஜியம் போனார். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அவரே பிற்காலத்தில் தம்மை மன்னித்துக்கொண்டாரா என்பது ஐயமே. திரும்பி வந்தபோது நிலைமை முற்றியிருந்தது. அவளுடைய தாய் வீட்டில் சில நாள் இருந்தால் தேறுவாள் என்று செப்டம்பரில் அயர்லாந்துக்குக் கப்பலேறினர். நடுக்கடலில் இசபெல்லா கழிப்பறையின் சாளரம் வழியே கடலில் குதித்தாள். இருபது நிமிடம் மல்லாந்து மிதந்தவளைப் படகு விட்டு மீட்டனர். அதன்பின் வந்த இரவுகளில் தாக்கரே தம் இடுப்பையும் அவள் இடுப்பையும் ஒரு நாடாவால் பிணைத்துக்கொண்டு படுத்தார். அவள் எழுந்தால் தாமும் விழிப்பதற்காக.

எஸ்கிரோல் நிறுவிய இவ்ரி மருத்துவ விடுதியில் சேர்த்தார். ஜெர்மனியில் நீர்ச்சிகிச்சை செய்வித்தார். பயனில்லை. 1845 முதல் லண்டனுக்கு அருகில் கேம்பர்வெல்லில் ஒரு குடும்பத்தாரின் பொறுப்பில் விட்டார். பெண்குழந்தைகளைப் பாரிசில் இருந்த பாட்டி வளர்த்தார். தாக்கரே 1863-இல் மறைந்தார். இசபெல்லா 1894 வரை இருந்தாள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! மார்ஜரியைப் போல் அவள் மீளவில்லை. மூன்று பேற்றையும் ஓர் இழப்பையும் நான்கே ஆண்டில் கண்ட அவள் மனம் பேற்றால்தான் முறிந்ததா, பேறு அதை வெளிக்கொணர்ந்தது மட்டும்தானா என்று இன்று எவரும் அறுதியிட இயலாது.

இலக்கிய வரலாறு இங்கே ஒரு கொடிய விளையாட்டு விளையாடிற்று. 1847-இல் 'ஜேன் ஐர்' வெளிவந்து புகழ் பெற்றது. மாடியறையில் பித்துப்பிடித்த மனைவியை மறைத்து வைத்திருக்கும் ஒருவனின் கதை. ஆசிரியை சார்லட் பிராண்ட்டி, ஆண்பெயர் ஒன்றில் மறைந்து எழுதியவர், இரண்டாம் பதிப்பைத் தாம் பெரிதும் மதித்த தாக்கரேவுக்குக் காணிக்கையாக்கினார். அவர் மனைவியின் நிலை பிராண்ட்டிக்குச் சிறிதும் தெரியாது. லண்டனில் வதந்தி பறந்தது: நாவலை எழுதியவள் தாக்கரே வீட்டில் வேலைபார்த்த ஆசிரியை போலும்! உண்மை தெரிந்தபோது பிராண்ட்டி மிகவும் வருந்தினார். நாவலில் வரும் பெர்தா பிள்ளை பெற்றவளல்லள். அவள் பித்தைப் பரம்பரை நோயாகவே கதை சொல்கிறது. கதையில் வரும் பித்துக்காரிக்குக் குரலில்லை என்பதைப் பலர் எழுதிவிட்டனர். இசபெல்லாவின் குரலும் நமக்குப் பெரும்பாலும் கணவரின் கடிதங்கள் வழியாகவே வருகிறது.

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை இவ்வாசகர்களுள் பலருக்குத் தெரிந்ததே. ஆதலின் பின்னணியை மட்டும் சொல்கிறோம். 1885 மார்ச்சில் அவருக்கு மகள் பிறந்தாள். மீளாச் சோர்வு கவிந்தது. 1887-இல் ஃபிலடெல்ஃபியாவின் பெயர்பெற்ற நரம்பு மருத்துவர் வெயர் மிட்செலிடம் போனார். படுக்கையில் கிடத்தல், நிறைய ஊட்டல், உடம்பு பிடித்துவிடல், எவரோடும் பேசாதிருத்தல் என்பது மிட்செலின் ஓய்வுச் சிகிச்சை. ஒரு மாதம் கழித்து அவர் சொல்லியனுப்பிய அறிவுரை: வீட்டு வாழ்வே வாழ்வாக இருக்க வேண்டும், குழந்தையை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும், அறிவு சார்ந்த வேலை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, பேனாவையும் தூரிகையையும் வாழ்நாள் முழுதும் தொடக் கூடாது. சில மாதங்களில் பித்தின் விளிம்புக்கே போய்விட்டதாகக் கில்மன் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு உடுத்திவிடுவதற்குள் உடல் நடுங்கி அழுகை வருமாம். அறிவுரையை எறிந்துவிட்டு எழுதத் தொடங்கியதும் தேறினார். கதை 1892-இல் அச்சேறியது. அதைப் படித்து மிட்செல் தம் சிகிச்சையை மாற்றிக்கொண்டதாகப் பிற்காலத்தில் கில்மன் மகிழ்ந்து குறித்தார். ஆய்வாளர்கள் தேடியும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இங்கே நம் சாவிக்கதை சற்றுச் சிக்கலாகிறது. கில்மனிடமிருந்து பிள்ளையைப் பறிக்கவில்லை. பிள்ளையை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைப் பறித்தார்கள். மணமுறிவுக்குப் பின் மகளைத் தந்தையிடம் அனுப்பியபோது, தாய்மையற்றவள் என்று பத்திரிகைகள் அவரைத் தூற்றின. ஆக, தாயிடம் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று எளிதாக்கிவிடவும் வழியில்லை. அவள் நோய்க்கு முன் எதைத் தன்னுடையது என்று பற்றியிருந்தாளோ அதுவே கேள்வி.

20-ஆம் நூற்றாண்டின் மருத்துவம் நெடுங்காலம் இந்நோயைத் தனி நோயாக ஏற்கவில்லை. பேறு ஒரு தூண்டுதல் மட்டுமே, நோய் மற்ற மனநோய்களில் அடங்கும் என்றனர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியல் 1980-இல் திருத்தப்பட்டபோது பிள்ளைப்பேற்றைச் சார்ந்த மனப்பிறழ்வு என்ற தனித்தலைப்பு நீக்கப்பட்டது. அதே 1980-இல்தான் மறந்துபோன மார்சேயின் பெயரால் மருத்துவர்கள் ஒரு கழகம் தொடங்கினர். 1987-இல் எடின்பரோவில் ஜான் காக்ஸும் துணைவரும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினர். கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிக் கலங்கினீர்களா, உறக்கம் கெடும் அளவுக்குத் துயருற்றீர்களா என்பன போன்ற கேள்விகள். பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஊர்ச் செவிலியரே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உலகெங்கும் பரவிய இத்தாள் தமிழிலும் உண்டு.

நம் மாநிலத்தைப் பற்றிய ஆய்வொன்று 2002-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. வேலூர் மருத்துவர்கள், சிற்றூர்ப் பெண்கள் 359 பேரைக் கருவின் கடைசி மூன்று மாதங்களில் சேர்த்து, பேற்றுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் மீண்டும் கண்டனர். புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்கு 11. துணைநின்ற காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருவாய், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச்சிக்கல், கருக்காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கை உதவிக்கு ஆளின்மை. மேலை நாட்டு நூல்களில் மாமியார் இப்படி வருவதில்லை. பெரியம்மாவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகளே; ஆகவே இப்பட்டியல் கொண்டு அவரை விளக்கிவிடவும் இயலாது.

தாயையும் சேயையும் ஒன்றாகவே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் 1948-இல் இங்கிலாந்தில் காசெல் மருத்துவமனையில் தாமஸ் மெயின் என்பவரால் தொடங்கிற்று. இந்தியாவில் அதற்கெனத் தனிப்பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-இல் அமைந்தது. பாட்டியோ வேறு உறவினரோ உடன் தங்குவது அங்கே ஏற்பாட்டின் ஒரு பகுதி. தாய் தெளியத் தெளியக் குழந்தையின் பொறுப்பு சிறிது சிறிதாக அவள் கைக்கு வரும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று இருபத்தொன்றாம் பிரிவில் கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து உண்டென மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் தாய் கண்காணிப்புடன் குழந்தையைக் காண வழி இருக்க வேண்டும்.

மார்ஜரியின் எழுபத்தைந்தாம் இயலை ஒரு மாலைப்பொழுதில் நம் அன்னைக்குத் தமிழில் சொல்லிக் காட்டினோம். அக்காள் பின்கட்டில் கிடந்தபோது நம் அன்னைக்குப் பத்தொன்பது வயது, மணமாகவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பசும்பாலில் நீர் கலந்து காய்ச்சிப் பாலாடையில் புகட்டி, பதினொரு மாதம் வளர்த்தவர் அவரே. சங்கிலி பூட்டிய இடத்தையும், மார்ஜரி நாள்தோறும் போய்வந்ததையும், கடைசியில் அந்தப் பெண் தெளிந்து தேவாலயத்துக்குப் போனதையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளைய யார் வச்சிருந்தா?" என்றார்.

நூலைத் திரும்பப் புரட்டிப் பார்த்தோம். அதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.